பூட்டு போட்ட புளிக்காய்ச்சல்

விதி ஏழு, உட்பிரிவு இரண்டு: சாரல் பயணத்தன்று உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் செய்த பதார்த்தம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவரே அதைத் தம் கையால் எல்லா இலைகளுக்கும் பரிமாற வேண்டும். பரிமாறியவருக்குக் கடைசி இலை.

எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தின் விதிகளில் இது ஒன்றுதான் மனம் மகிழ்வதைப் பற்றியது. மற்றவை சந்தா, கோரம், கேரம் பலகையின் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றியவை. அலுவலகம் தென்காசியில் இருந்தது. எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பென்ஷன் ஒன்றும் நின்றுவிடாது. ஆனால் பழைய சகாக்கள் கடிதம் எழுதுவார்கள், அத்தனைக்கும் நான் பதில் எழுத வேண்டிவரும். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விடுவதில்லை என்பது என் வழக்கம். அது எப்படி வந்தது என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த உட்பிரிவு பிறந்த கதை நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தியது. ஒரு வருடம் யாரோ முந்திரிப்பருப்பு போட்ட சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருக்கிறார். பியூன் பரிமாறியிருக்கிறார். அதிகாரியின் இலையில் முந்திரியும் மற்றவர்கள் இலையில் பொங்கலும் விழுந்திருக்கின்றன. மறு வாரமே கமிட்டி கூடி விதியைத் திருத்திவிட்டது. ஒரு கோப்பு அடுத்த மேஜைக்குப் போகவே மாதக்கணக்கில் யோசிக்கும் அலுவலகத்தில், முந்திரிப்பருப்பு விவகாரம் ஒரே வாரத்தில் தீர்ந்தது. அதனால் அந்த விதியின்மீது எனக்கு மரியாதை உண்டு. பசித்தவர்கள் எழுதிய விதி. தெளிவாக இருந்தது.

நான் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தது 1958 கடைசியில். பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்து, பரீட்சை எழுதித் தேறி வந்தவள். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். என்னை எங்கே உட்காரவைப்பது என்று பல நாள் யோசித்து, கடைசியில் தபால் பிரிவில், ஜன்னலோரம், அறைக்கே முதுகைக் காட்டியபடி உட்காரவைத்தார்கள். வெளியிலிருந்து வரும் காகிதம் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, உரிய மேஜைக்கு அனுப்புவது என் வேலை. மன்றச் சந்தாவை மட்டும் முதல் மாதச் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். அதில் யாருக்கும் யோசனை தேவைப்படவில்லை.

ஆனி பிறந்து, மேற்கே மலை மறைந்து, ஜன்னல் கம்பியில் சாரல் பொடியாக ஒட்ட ஆரம்பித்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் வேலை பாதியாகக் குறையும். மீதிப் பாதி, யார் வீட்டிலிருந்து என்ன வருகிறது என்ற பேச்சு. செங்கோட்டையிலிருந்து தினமும் வந்துபோகும் கணக்கர் அவியல் கொண்டுவருவார். அதன் தேங்காய் எண்ணெய் வாசனை அவருக்கு முன்னால் வந்து வணக்கம் சொல்லும். ஹெட் கிளார்க் வீட்டு உளுந்து வடை வெளியே முறுகலாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும். அவர் எழுதும் குறிப்புகளில் இந்த இரண்டு குணமும் கிடையாது. ரெக்கார்டு கிளார்க் தென்காசி ராவுத்தர் குடும்பம். அவர் வீட்டிலிருந்து வட்டலப்பம் என்ற இனிப்பு வரும். அதில் முட்டை உண்டு என்பது அலுவலகத்துச் சைவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாப்பிட முடியாமல் போயிருக்கும். வெள்ளைச் சோறு மட்டும் குற்றாலத்திலேயே, வாடகைப் பாத்திரத்தில், பியூன் வடிப்பார்.

முதல் வருடம் ஹெட் கிளார்க் என் மேஜைக்கு வந்தார். மன்றத்துக்கும் அவர்தான் செயலாளர்.

"ஏம்மா, நீங்களும் ஏதாவது செய்யணும்லா. என்ன செய்வீக?"

"புளிக்காய்ச்சல் சார். சோத்துல போட்டுப் பெரட்டுனாப் போதும். தொட்டுக்கிட எள்ளுத் தொவையலும் கூழ்வத்தலும்."

"பலே. மேலகரத்துலதான இருக்கீக? குத்தாலம் போற வழிதான். வேன் ஒங்க வாசல்லயே வந்து நிக்கும்."

"எத்தன மணிக்கு சார் நான் ரெடியா இருக்கணும்?"

"நீங்களா?" என்றார். அவருக்கு அந்தக் கேள்வி உண்மையிலேயே புரியவில்லை. "நீங்க எதுக்கும்மா? ஆம்பளையாளுக துண்டக் கட்டிக்கிட்டு எண்ண தேச்சுக் குளிக்கிற எடம். கேரியரக் குடுத்துவிட்டாப் போதும். பத்திரமாப் பாத்துக்கிடுதோம்."

அருவி எனக்குப் புதிதல்ல. மேலகரத்தில் வளர்ந்தவள், பெண்கள் பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தலை கொடுத்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரின் அடியும் குளிரும் தெரியும். எனக்கு வேண்டியது தண்ணீர் இல்லை, வரிசையில் ஓர் இலை. அது கடைசி இலையாக இருக்கட்டும். விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் மேஜையை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டவர்கள், இலை போடும் இடத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கலாம் என்று நினைக்கக்கூட இல்லை.

அந்த வருடம் வாயை மூடிக்கொண்டு செய்து கொடுத்தேன். பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெயில் மிளகாய் வற்றலும் கடலைப்பருப்பும் பெருங்காயமும் தாளித்து, கரைசலை ஊற்றி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். வெந்தயத்தையும் எள்ளையும் வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவி, இறக்கும்போது சுண்டுவிரல் அளவு கருப்பட்டி போட வேண்டும். இனிப்புக்காக இல்லை, புளி கொஞ்சம் வாயடங்குவதற்காக. அது ஒரு வாரம் கெடாது.

"நல்லவேள, ஒன்னயக் கூப்பிடல" என்றார் அம்மா, அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டபடி. "ஆம்பளையாளுக கூட்டத்துல ஒனக்கு என்ன சோலி? ஊருல நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?"

ஞாயிறு காலை வேன் வாசலில் நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. கேரியரை வாங்கியது. வேன் குற்றாலம் போய்விட்டது. நான் வீட்டுக்குள் வந்து அடுப்படியைக் கழுவினேன்.

திங்கட்கிழமை கேரியர் என் மேஜைமீது இருந்தது. ஆளாளுக்கு வந்து பாராட்டினார்கள். ஐயா (அதிகாரியை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்) இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். அதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டே கேரியரை நீட்டினேன். அம்மா ஒவ்வோர் அடுக்காகப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் காலி.

"என்னட்டி இது? வெறுஞ்சட்டியாவா குடுத்துவிட்டாக?"

"கழுவித்தான் குடுத்திருக்காக."

"கழுவுனா? ஒரு வெத்தல? ஒரு பழம்? ஒரு கை சீனி வச்சாக் கொறஞ்சா போயிரும்? கவுருமெண்டுல வேல பாக்காகளாம், கவுருமெண்டுல!"

எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் நாலு அரிசியாவது போட்டு அனுப்புவார்கள். வெறும் பாத்திரம் வந்தால், இனி உங்கள் வீட்டுப் பண்டம் வேண்டாம் என்று அர்த்தம். என்னை வாசலில் நிறுத்திவிட்டுப் போனதில் அம்மாவுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பியதை அவரால் பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அம்மா என் கட்சி. காரணம் வேறாக இருந்தாலும் கூடுகிற ஆதரவைத் தள்ளக் கூடாது என்பது எல்லாக் கமிட்டிகளுக்கும் தெரிந்ததுதான்.

ஆகஸ்ட் மாதம் மன்றச் செயலாளருக்கு ஒரு மனு எழுதினேன். விதி ஏழின்படி கொண்டுவருவதும் பரிமாறுவதும் உறுப்பினரின் கடமை. இவ்வருடம் என் பதார்த்தத்தைப் பரிமாறியவர் யார்? எந்த விதியின் கீழ்? வரும் வருடம் நான் பயணத்தில் கலந்துகொள்ளத் தடை உண்டா? உண்டெனில், அதற்குரிய விதி எது? பதிலை எதிர்நோக்கும், தங்கள் உண்மையுள்ள.

தபால் பிரிவு என்னுடையது என்பதால் என் மனுவை நானே பெற்றுக்கொண்டேன். எண் போட்டேன். முத்திரை குத்தினேன். எழுந்துபோய் ஹெட் கிளார்க்கின் மேஜைமீது வைத்தேன்.

"என்னம்மா இது?"

"தபால் சார்."

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு கட்டுக்குள் வைத்து நாடாவை இழுத்துக் கட்டினார்.

அக்டோபரில் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். பொங்கல் கழிந்து இன்னொன்று. பங்குனி வெயிலில் மூன்றாவது. மூன்றும் அந்தக் கட்டுக்குள் போயின. மற்றபடி ஹெட் கிளார்க் என்னிடம் அன்பாகவே இருந்தார். வீட்டில் வடை சுட்டால் எனக்கும் இரண்டு கொண்டுவருவார். அவருடைய சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. முடியாது என்று எழுத ஒரு விதி வேண்டும். அது மன்றத்தில் இல்லை. சரி என்று எழுதத் தைரியம் வேண்டும். அது அவரிடம் இல்லை. இரண்டும் இல்லாதபோது கையில் இருப்பது நாடா ஒன்றுதான்.

இரண்டாம் வருடம் சாரல் ஆரம்பித்தது.

"போன வருசம் மாதிரியே புளிக்காய்ச்சல்தானம்மா?" என்றார் ஹெட் கிளார்க்.

"மனுவுக்குப் பதில் வரலையே சார்."

"அதுக்கென்ன, பாப்போம், பாப்போம். ஒரு அடுக்குக் கூட வையுங்க. ஐயா இப்பவே கேட்டாக."

செய்யாமல் விடலாமா என்று யோசித்தேன். விட்டால் விதியை மீறியவள் நானாகிவிடுவேன்; அவர்கள் கையில் இல்லாத ஒரு காரணத்தை நானே எழுதிக் கொடுத்தது போலாகும். ஆகவே செய்வது என்று தீர்மானித்தேன். முன்னைவிட நன்றாகச் செய்வது. கொடுப்பது. ஆனால் என்னைத் தவிர யாரும் பரிமாற முடியாதபடி கொடுப்பது. எப்படி என்பதுதான் பிடிபடவில்லை.

பிடிகொடுத்தவர் அம்மா. எங்கள் வீட்டில் இருந்தது அப்பாவின் கேரியர். ஐந்து அடுக்கு, கனத்த பித்தளை. அப்பா ரயில்வேயில் இருந்தவர். தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை. காலை ரயிலில் சாப்பாடு போகும். போகிற வழியில் சில நாள் அப்பளம் காணாமல் போகும், சில நாள் பொரியல். அப்பா சண்டை போடவில்லை. கேரியரின் இரண்டு பக்கக் கம்பியும் மேலே வந்து சேரும் இடத்தில் ஒரு கொக்கி உண்டு. அதில் ஒரு சின்னப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டார். ஒரு சாவி வீட்டில், இன்னொன்று அவருடைய சட்டைப் பையில். அப்பா போனபிறகு இரண்டு சாவியும் வீட்டுக்கு வந்துவிட்டன.

அம்மா அந்தப் பூட்டை எங்கிருந்தோ தேடி எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தார்.

"இந்தா, போடு. தொறந்தாத்தான வெறுஞ்சட்டியாத் திருப்ப முடியும்?"

அடியில் இரண்டு அடுக்கு புளிக்காய்ச்சல். அதன்மேல் எள்ளுத் துவையல். அதன்மேல் வறுத்த மோர்மிளகாய். உச்சியில் பொரித்த கூழ்வற்றல். கம்பியை ஏற்றிக் கொக்கியில் மாட்டிப் பூட்டினேன். சாரலில் நனையாமல் இருக்க அம்மா மேலே ஒரு துண்டைச் சுற்றிவிட்டார். வேன் வந்தது, கை நீண்டது, நான் கொடுத்தேன். "நல்ல கனமா இருக்கே" என்று உள்ளேயிருந்து ஒரு சந்தோஷக் குரல் கேட்டது.

அன்று குற்றாலத்தில் நடந்ததை ரெக்கார்டு கிளார்க் எனக்குப் பிறகு சொன்னார். அவர் மிகைப்படுத்துபவர் இல்லை; ரெக்கார்டு அறையில் இருப்பவருக்கு அந்தப் பழக்கம் வராது.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். ஐயா எண்ணெய் தேய்த்துக்கொண்டு நெடுநேரம் குளித்தார். அருவியில் குளித்துவிட்டு வந்தால் வருகிற பசியை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்லைக் கொடுத்தாலும் உப்புக் கேட்கத் தோன்றும். மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, இலை போட்டு, ஆவி பறக்கச் சோற்றைக் கொட்டினார்கள். அவியல் வந்தது. வடை வந்தது. புளிக்காய்ச்சல் எங்கே என்றார் ஐயா. கேரியர் வந்தது. துண்டை அவிழ்த்தார்கள். பூட்டைப் பார்த்தார்கள்.

ஒவ்வொருவராகப் பூட்டை இழுத்துப் பார்த்தார்களாம். பிறகு எல்லோரும் பேசினார்களாம். உடைத்துவிடலாம் என்றார் கணக்கர். "கவர்மெண்ட் ஊழியன் பூட்ட ஒடைக்கலாமாவே?" என்று ஐயா ஒரு போடு போட்டார். பியூன் ஒரு கல்லை எடுத்து ஓரமாகத் தட்டிப் பார்த்தார்; கேரியர் ஒடுங்கியது, பூட்டு அசையவில்லை. ஒரு கொண்டை ஊசி இருந்தால் நிமிஷத்தில் திறந்துவிடலாம் என்றார் இன்னொருவர். கொண்டை ஊசி வைத்திருந்த ஒரே உறுப்பினரைத்தான் மேலகரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார்களே.

மதியம் எங்கள் வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. ஹெட் கிளார்க் இறங்கினார். தலையில் துண்டு, காதோரம் எண்ணெய், இடுப்பில் ஈர வேட்டி. அலுவலகத்தில் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தத்துக்கே பயப்படுபவர்கள் உண்டு. அன்று குளிரில் அவருக்குப் பல் தந்தியடித்தது.

"ஏம்மா, சாவியக் குடுக்க மறந்துட்டீகளே!"

"மறக்கல சார்."

"பெறகு?"

"கொண்டுவந்தவுகதான் பரிமாறணும்னு விதி இருக்குல்லா. வேற யாரும் பரிமாறிட்டா விதிமீறல் ஆயிரும். அதான் ஒரு பாதுகாப்புக்கு."

"பசி உசுரு போகுதும்மா. ஐயா எலயில ஒக்காந்தாச்சு. சோறு ஆறுது."

"மனுவுக்குப் பதில் கொண்டாந்திருக்கீகளா சார்?"

"மனுவா? இப்பவா? ஈர வேட்டியோட நிக்கேன், பதிலு கேக்குதீகளே!"

"போன ஆகஸ்ட்டுல காஞ்ச வேட்டியோடதான் சார் இருந்தீக."

அவர் வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்தார். வண்டிக்காரன் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, ஒண்ணு செய்யுங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "வண்டியில ஏறுங்க. அங்கன வந்து பூட்ட மட்டும் தொறந்துவிட்டுட்டு, இதே வண்டியில திரும்பிருங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஏறினால் குற்றாலம், மரத்தடி, அந்த வரிசையைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் இலை கிடையாது. பூட்டுத் திறந்த கையோடு திரும்பி வந்தால், அடுத்த வருடம் அதுவே முன்மாதிரி ஆகிவிடும். அலுவலகத்தில் விதியைத் திருத்திவிடலாம், முன்மாதிரியை அசைக்க முடியாது.

"பூட்டுத் தொறக்க ஆசாரியக் கூட்டிட்டுப் போங்க சார். நான் குமாஸ்தா."

அதற்குள் அம்மா ஒரு டம்ளரில் சுக்குக் காப்பியோடு வந்துவிட்டார். "மொதல்ல இதக் குடிங்க அண்ணாச்சி. இப்படி நடுங்குதீகளே" என்று கையில் கொடுத்து, அவர் இரண்டு மிடறு குடிக்கும்வரை பொறுத்தார். பிறகு ஆரம்பித்தார்.

"ஏன் அண்ணாச்சி, போன வருசம் வெறுஞ்சட்டியத் திருப்பிவிட்டீகளே, அது எந்த ஊரு வழக்கம்? வீட்டுல மயினிக்குத் தெரியுமா? தெரிஞ்சா ஒங்களச் சும்மா விடுவாகளா?"

"வெறுஞ்சட்டியா?" என்றார் ஹெட் கிளார்க். என் மனுவைப் படித்தபோது வராத கலக்கம் அவர் முகத்தில் வந்தது. "பியூன்லா கொண்டாந்து வச்சான்... எனக்கு அது..."

"பியூன் வீட்டுச் சட்டியா அது?"

அவர் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, சாவி இல்லாமல் வண்டியேறினார். அந்த வருடம் அவர்கள் வெள்ளைச் சோற்றை அவியலோடும் தயிரோடும் முடித்தார்களாம். கடைசியில் வட்டலப்பத்துக்கு அடிதடி என்று ரெக்கார்டு கிளார்க் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

திங்கட்கிழமை கேரியர் என் மேஜைமீது இருந்தது. பூட்டு அப்படியே இருந்தது, கேரியரில் கல் பட்ட இடத்தில் ஓர் ஒடுக்கு. பூட்டியிருந்ததால் உள்ளே எதுவும் வைக்க வழியில்லை. கைப்பிடியில் ஒரு பொட்டலம் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. அவிழ்த்தால் மங்குஸ்தான் பழம். குற்றாலத்தில் அந்தப் பருவத்தில் கிடைப்பது. ஹெட் கிளார்க் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏதோ ஒரு கோப்பில் மிகவும் ஆழ்ந்திருந்தார்.

அம்மாவுக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா, மனுசன் திருந்திட்டாரு. பாதிப் பதிலு வந்துட்டு."

"பழம்லாம் பதில் ஆகாதும்மா. எழுத்துல வரணும்."

"நீ ஒருத்திட்டீ!" என்றார் அம்மா. ஆனால் பூட்டை எடுத்து உள்ளே வைக்கவில்லை, ஆணியில் மாட்டினார்.

புளிக்காய்ச்சல் மூன்றாம் நாள்தான் உண்மையான ருசிக்கு வரும். அந்த வாரம் முழுவதும் மதியச் சாப்பாட்டுக்கு அதையே கொண்டுபோனேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, மூடியைத் திறந்து, நிதானமாகச் சாப்பிட்டேன். மேற்குக் காற்று ஜன்னல் வழியாக நுழைந்து, என் மேஜையைத் தாண்டி, அறை முழுவதும் போயிற்று. வாசனையைப் பற்றி மன்றத்தில் விதி எதுவும் இல்லை. வியாழக்கிழமை கணக்கர் தம் தயிர்ச்சோற்றை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

பிறகு பூட்டுச் செய்தி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹெட் கிளார்க் வீட்டம்மா, "நாஞ் சுட்ட வடைய நீங்க பரிமாறிப் பேரு வாங்குதீக. நம்ம தூக்குச்சட்டிக்கும் ஒரு பூட்டு வாங்கணும்" என்று சொன்னதாகக் கேள்வி. செங்கோட்டையிலும் இப்படி ஏதோ நடந்திருக்க வேண்டும். கணக்கர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். நான் யாரையும் தூண்டவில்லை. நினைவூட்டு நாலு, நினைவூட்டு ஐந்து என்று என் வழியில் போய்க்கொண்டிருந்தேன். ஐந்தாவதன் நகலை விதிப்படி ஐயாவுக்கும் வைத்தேன். அவர் ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டு ஹெட் கிளார்க்குக்கு அனுப்பினார். அந்தக் கேள்விக்குறி என் எல்லா வாக்கியங்களையும்விட அதிக வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாம் வருடம். ஞாயிறு பயணம். புதன்கிழமை அம்மா கேட்டார், "புளிய ஊறப் போடவா?"

"பதில் வரட்டும்."

வியாழக்கிழமை, "எள்ள வறுத்தாது வைக்கட்டுமா?"

"வரட்டும்மா."

"வரலேன்னா?"

"வரலேன்னா வேன் வந்து நிக்கும்போது நானும் வாசல்ல நிப்பேன். கையில நினைவூட்டு ஆறு இருக்கும்."

"ஒன் பிடிவாதத்துக்கு ஒங்க அப்பாவே தேவல" என்று சொல்லிவிட்டு, அம்மா பானையிலிருந்து புளியை எடுத்துக் கொட்டையை நீக்க ஆரம்பித்தார். ஊறப் போடவில்லை. அந்த மட்டில் அவரும் விதியை மதித்தார்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேன் வந்தபோது ஜன்னலிலிருந்து கை நீளவில்லை, கதவு திறந்தது. உள்ளே ஹெட் கிளார்க் வீட்டம்மா வடைத் தூக்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். "வா தாயி, இங்கன ஒக்காரு. ஒன்னயப் பாக்கத்தான் நான் கெளம்பி வந்தேன்" என்று இடம் விட்டார். அம்மா எனக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு ஏறியவர், வேன் நகர்வதற்குள் அந்த அம்மாளுக்குத் துணையாகிவிட்டார். நாங்கள் மூவரும் பெண்கள் பக்கத்தில் குளித்தோம். ஊரில் நாலு பேர் பார்த்தார்கள். அவர்களும் குளிக்கத்தான் வந்திருந்தார்கள்.

மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தபிறகு நான் கேரியரை நடுவில் வைத்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். பூட்டு 'டிக்' என்றதும் ஐயா, "ஆண்டவா" என்றார். ஆவி பறக்கும் சோற்றில் புளிக்காய்ச்சலை ஊற்றிப் பிரட்டி, முதல் இலையிலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டு போனேன். யாருக்கும் கூடுதல் இல்லை, யாருக்கும் குறைவில்லை. ஐயா இரண்டாவது தடவைக்குக் கையை நீட்டினார். "ஒரு சுத்து முடியட்டும் சார்" என்றேன். முந்திரிப்பருப்பு நாளிலிருந்து அந்த உட்பிரிவு அப்படி முழுதாக நிறைவேறியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கடைசி இலைக்கு வந்தபோது புளிக்காய்ச்சல் தீர்ந்திருந்தது. ஹெட் கிளார்க் அதைப் பார்த்துவிட்டுத் தம் இலையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு வடையை எடுத்து என் இலையில் வைத்தார். அது அவர் வீட்டுப் பதார்த்தம், பரிமாற அவருக்கு உரிமை உண்டு. நான் வெறும் சோற்றை அள்ளிக் கேரியரின் அடி அடுக்கில் போட்டு, ஓரங்களில் ஒட்டியிருந்த எண்ணெயிலும் எள்ளிலும் புரட்டி எடுத்தேன். இலையில் வைத்துக்கொண்டு கடைசி இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எனக்கு நேர் எதிரே எல்லோருடைய முகமும் தெரிந்தது.

கேரியர் அன்று வெறுமையாகத் திரும்பவில்லை. அடியில் வட்டலப்பம், அதன்மேல் அவியல், உச்சியில் மங்குஸ்தான். பூட்டவில்லை.

இனி பதில். வெள்ளிக்கிழமை பிற்பகல், ஹெட் கிளார்க் தம் மேஜையில் எழுதி, கையெழுத்திட்டு, ஐயாவிடம் அனுப்பி, பச்சை மை வாங்கி, பியூன் கையில் கொடுத்தார். பியூன் அதை வெளியே வராந்தாவுக்குக் கொண்டுபோய், திரும்பி வந்து, தபாலாக என் மேஜையில் வைத்தார். முறை என்றால் அதுதான் முறை. எனக்கு ஹெட் கிளார்க்மேல் முதல்முறையாக மதிப்பு வந்தது. மேலே 'பார்வை' என்ற இடத்தில் என் மனுவும் ஐந்து நினைவூட்டுகளும் வரிசை தவறாமல் இருந்தன. கீழே: மனு பரிசீலிக்கப்பட்டது. தடை செய்யும் விதி ஏதும் காணப்படவில்லை. உறுப்பினர் வரும் ஞாயிறன்று தம் பதார்த்தத்துடனும், தவறாமல் சாவியுடனும், கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

எண் போட்டேன். முத்திரையை மையில் ஒற்றி, நேராகப் பிடித்து, அழுத்திக் குத்தினேன். பெறப்பட்ட நாள்: 1961 ஜூலை 21.